யாருக்கும் சொந்தமில்லாத ஓடை

இந்த எபிசோடை நீங்க பஸ்ல நின்னுக்கிட்டு கேக்குறீங்களா, பாத்திரம் கழுவிக்கிட்டு கேக்குறீங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா இது உங்க போனுக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியும். ஆடியோவை ஏத்துனதும் ஒரு சின்ன கோப்புல நாலஞ்சு வரி கூடுச்சு. உங்க ஆப் அந்தக் கோப்பை அப்பப்போ எட்டிப் பாக்கும். புதுசா ஏதாவது இருந்தா எடுத்துட்டு வரும். அதுதான் ஆர்எஸ்எஸ் ஃபீட். நம்ம தமிழ் வலைப்பதிவர்கள் அதுக்கு அழகா 'ஓடை'ன்னு பேர் வெச்சாங்க.

இது பாட்காஸ்டுக்காகப் பொறந்தது இல்ல. 1999 மார்ச்ல நெட்ஸ்கேப் நிறுவனம், பல தளங்களோட தலைப்புச் செய்திகளைத் தன்னோட முகப்புப் பக்கத்துல காட்டுறதுக்காக உருவாக்கினது. செஞ்சவங்க டான் லிபி, ராமநாதன் குஹா. குஹா நம்ம சென்னை ஐஐடியில படிச்சவர். ரெண்டே வருஷத்துல நெட்ஸ்கேப் இதைக் கைவிட்டுடுச்சு.

அப்புறம்தான் சண்டை. எளிமையா இருந்தா போதும்னு டேவ் வைனர் ஒரு பக்கம். விரிவா, ஒழுங்கா இருக்கணும்னு ஒரு குழு இன்னொரு பக்கம். அந்தக் குழுவுல ஆரன் ஸ்வார்ட்ஸ்னு 14 வயசுப் பையனும் இருந்தான்! 2000 டிசம்பர்ல, ஒரே மாசத்துல, ரெண்டு தரப்பும் ஆளுக்கொரு வடிவத்தை வெளியிட்டாங்க. ஆர்எஸ்எஸ்ங்குற மூணு எழுத்துக்கு என்ன விரிவுங்கறதுலகூட ஒத்துப்போகல. இதெல்லாம் வேண்டாம்னு இன்னொரு கூட்டம் ஆட்டம்னு தனியா ஒண்ணு கொண்டு வந்துச்சு. சொத்துத் தகராறு மாதிரிதான், ஆனா சொத்து யார் பேர்லயும் இல்ல. ரீடர் எழுதுறவங்க எல்லா வடிவத்தையும் படிக்கக் கத்துக்கிட்டாங்க.

வைனரோட அந்த டிசம்பர் வடிவத்துல ஒரு சின்ன வசதி இருந்துச்சு: தலைப்போட ஒரு ஆடியோ கோப்பையும் இணைக்கலாம். அடுத்த மாசமே ஒரு பாட்டை இணைச்சு சோதிச்சுப் பாத்தார். இப்ப நீங்க என் குரலைக் கேக்குறது அந்த வசதியாலதான்.

தமிழ்ல 2004ல தமிழ்மணம் திரட்டி வந்துச்சு. எந்த வலைப்பதிவுல புதுசு வந்தாலும் அங்க தெரியும். நான் அப்போ பிரவுசிங் சென்டர் ஆள். மணிக்கு 20 ரூபா. முப்பது வலைப்பதிவை ஒவ்வொண்ணா திறந்து, 'புதுசா ஒண்ணும் இல்ல'ன்னு தெரிஞ்சுக்கறதுக்கே பாதிக் காசு போயிடும். ஒரு நண்பன் கூகுள் ரீடரைக் காட்டினான். எல்லாம் ஒரே இடத்துல, தேதி வரிசையில, படிக்காதது மட்டும் தடிமனா. எதை முதல்ல காட்டணும்னு யாரும் உக்காந்து முடிவு பண்ணல.

2013 மார்ச் 13 அன்னிக்கு, பயன்பாடு குறைஞ்சுடுச்சு, ரீடரை மூடப்போறோம்னு கூகுள் அறிவிச்சுது. ஜூலை 1ல மூடிட்டாங்க. ஆர்எஸ்எஸ் செத்துடுச்சுன்னு நிறைய பேர் எழுதினாங்க. எனக்கு அது அப்பவே தப்பாப் பட்டுச்சு. போனது ஒரு ரீடர். ஓடைகள் அந்தந்தத் தளத்துலயே இருந்துச்சு. முகவரிப் பட்டியலைக் கோப்பா வெளிய எடுக்க முடிஞ்சுது. எடுத்து வேற ரீடர்ல போட்டேன். (நீங்களும் முயற்சி பண்ணலாம். வேர்ட்பிரஸ் தளமா இருந்தா முகவரிக்குப் பின்னால ஒரு ஸ்லாஷ் போட்டு, ஃபீட்னு ஆங்கிலத்துல சேத்துப் பாருங்க. பெரும்பாலும் கிடைக்கும்.)

ஆனா எழுதுறவங்க ஒவ்வொருத்தரா ஃபேஸ்புக் பக்கம் போயிட்டாங்க. பட்டியல்ல பாதிக்கு மேல அசைவே இல்ல. அழிச்சுடலாம்னு பலமுறை நினைச்சு, சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன்.

போன வருஷம் ஒரு காலையில, 2011க்கு அப்புறம் எதுவுமே வராத ஒரு பேர் தடிமனா நின்னுச்சு. பக்கத்துல 1. அப்பாவோட மளிகைக் கடையை மூடினதைப் பத்தி நாலே பத்தி. அவர் அதை வேற எங்கயும் பகிர்ந்த மாதிரி தெரியல. கீழ ஒரு பின்னூட்டமும் இல்ல. நான் ஒண்ணு போட்டேன். ராத்திரி பதில் வந்துச்சு: "இன்னும் இதைப் படிக்க ஆள் இருக்கா?"