அட்டைக் களத்தில் காலாட்படை

போரைப் பலகையில் ஆடிப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளைக் கொண்டதே சதுரங்கம் என்பதை வாசகர்கள் அறிவர். அவ்வாட்டத்தில் காலாளின் நிலை இரங்கத்தக்கது. அவன் முன்னோக்கியே நகரலாம். பின்வாங்க அவனுக்கு விதி இடமளிப்பதில்லை. அஞ்சி ஒளியவோ, கட்டளையை மறுக்கவோ அவனால் இயலாது. பலகைப் போரில் அச்சமும் களைப்பும் உள்ள மனிதனாகக் காலாள் மதிக்கப்படுவதற்கு நெடுங்காலம் சென்றது. அந்த வரலாற்றையும், அத்தகைய ஆட்டங்களோடு முதுமையை நெருங்கிய ஒரு தலைமுறையின் ஏக்கத்தையும் இங்கு எழுத முனைகிறேன்.

நவீன போர் விளையாட்டின் தொட்டில் பிரஷ்யா. 1812 இல் ரைஸ்விற்ஸ் என்னும் சிவில் அதிகாரி, நிலத்தோற்றத்தை மேசைமீது அமைத்துப் படைகளை நகர்த்தும் ஆட்டமொன்றை மன்னருக்குக் காண்பித்தார். பீரங்கிப் படை அதிகாரியான அவரது மகன் அதனைத் திருத்தி, 1824 இல் வரைபடத்தில் ஆடத்தக்க விதிகளாக வெளியிட்டார். சூட்டின் விளைவைத் தாயக்கட்டை தீர்மானித்தது. எதிரியின் இருப்பிடத்தை நடுவர் மட்டுமே அறிவார். படைத்தளபதி முஃப்ளிங் முதலில் அலட்சியமாக இருந்து, ஆட்டம் விரிய விரிய வியந்து, அதனை அதிகாரிகளுக்குப் பரிந்துரைத்தார் என்பர். எனினும் அங்கும் காலாட்படை என்பது வரைபடத்தில் நகரும் கட்டையாகவே இருந்தது.

1913 இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், பொம்மைப் போர்வீரர்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் போருக்கு விதிகள் எழுதினார். பொம்மைப் போரை ஆடிப் பார்ப்பவன் உண்மைப் போர் எத்துணை மடமை என்பதை உணர்வான் என அவர் நம்பினார். மறு ஆண்டே முதலாம் உலகப் போர் வெடித்தது.

அட்டைப் பலகை ஆட்டங்களை வணிகமாக்கியவர் அமெரிக்கரான சார்ள்ஸ் ரொபேர்ட்ஸ். 1954 இல் தமது முதல் ஆட்டத்தை விற்பனைக்கு விட்ட அவர், 1958 இல் அவலன் ஹில் நிறுவனத்தின் பெயரில் கெற்றிஸ்பர்க் போரை வெளியிட்டார். 1960 களின் தொடக்கத்தில் சதுரங்களுக்குப் பதிலாக அறுகோணக் கட்டங்கள் இவ்வாட்டங்களில் இடம்பெற்றன. 1970 இல் வந்த பன்சர்பிளிற்ஸ் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆயினும் அது டாங்கிகளின் ஆட்டம். காலாட்படை அவற்றின் நிழலிலேயே நடந்தது.

1977 இல் ஜோன் ஹில் வடிவமைத்த ஸ்குவாட் லீடர் இந்நிலையை மாற்றியது. ஓர் அறுகோணம் ஏறத்தாழ 40 மீற்றர். ஒரு சுற்று ஏறத்தாழ 2 நிமிடங்கள். ஒவ்வொரு வில்லையும் ஒரு சிறு அணி. அதன்மீது மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருந்தன: முதலாவது சூட்டுவலு, இரண்டாவது தூரம், மூன்றாவது மனவுறுதி. மூன்றாவது எண்ணே இவ்வாட்டத்தின் உயிர். சூடு பட்டால் அணி அழிவது அரிது. பெரும்பாலும் அது குலைந்துபோகும். குலைந்த அணியின் வில்லையை மறுபுறம் திருப்ப வேண்டும். அது சுடாது, மரங்களையோ கட்டடங்களையோ தேடி ஓடும். அதிகாரி ஒருவர் அவ்விடம் சென்று அவர்களைத் தேற்றினாலே மீண்டும் களத்திற்கு வரும். அமெரிக்க அணிகள் எளிதில் குலைபவையாகவும், ஆனால் விரைந்து தேறுபவையாகவும் அமைக்கப்பட்டிருந்தன.

காலாட்படையின் அடிப்படைத் தந்திரம் எளிமையானது. ஒரு பகுதியினர் சூட்டாதரவு வழங்கி எதிரியைத் தலைநிமிர விடாது வைத்திருக்க, மற்றொரு பகுதியினர் நகர்ந்து பக்கவாட்டில் தாக்குவர். எழுதுவதற்கு இரு வரிகள், செய்வதற்கோ உயிர்கள். வெட்டவெளியை ஓடிக் கடக்கும் அணிமீது காத்திருக்கும் இயந்திரத் துப்பாக்கி என்ன செய்யும் என்பதை ஸ்குவாட் லீடர் ஆடியவர்கள் முதல் ஆட்டத்திலேயே கற்றனர். அந்த முதல் ஆட்டத்தின் களம் 1942 ஒக்டோபரில் ஸ்டாலின்கிராட். அங்கு வீதியொன்றைக் கடப்பதே ஒரு பெரும் முடிவாகியது.

இத்தகைய சிந்தனைக்கு முன்னோடியாக எஸ்.எல்.ஏ.மார்ஷல் 1947 இல் எழுதிய நூலைக் குறிப்பிடலாம். சண்டையில் நின்ற அமெரிக்கக் காலாட்படையினருள் நால்வரில் ஒருவருக்கு மேல் சுடவில்லை என்றார் அவர். அவரது கணக்கிற்கு உரிய ஆதாரமில்லை எனப் பிற்கால ஆய்வாளர் கடுமையாக மறுத்துள்ளனர். ஆயினும் போரில் ஆயுதத்தைவிட மனமே முதலில் தளர்கிறது என்னும் எண்ணம் வேரூன்றியது.

கணினியிலும் இது தொடர்ந்தது. 1996 இல் வெளிவந்த குளோஸ் கொம்பட் ஆட்டத்தில், கட்டளையிட்டும் முன்செல்ல மறுக்கும் வீரர்களைக் கண்டு பலர் திகைத்தனர். ஓடிச்சென்று தாக்கச் சொன்னால் அவன் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்வான். சதுரங்கக் காலாள் ஒருவழியாக அஞ்சும் உரிமையைப் பெற்றான்.

இன்று இவ்வாட்டங்களின் பழைய இரசிகர்கள் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள். அவலன் ஹில் 1998 இல் ஹஸ்ப்ரோவுக்கு விற்கப்பட்ட பின்னரும், ஸ்குவாட் லீடரின் விரிந்த வடிவமாக 1985 இல் வந்த ஆட்டத்தைச் சிறு நிறுவனமொன்று உரிமம் பெற்றுத் தொடர்ந்து வெளியிட்டது. அழகிய முப்பரிமாணப் புதிய ஆட்டங்கள் இருக்க, மங்கிய பெட்டியையும் தடித்த விதிநூலையும் இவர்கள் ஏன் விடுவதில்லை? இழந்த இளமையையும், மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்திருந்து இன்று மறைந்துபோன நண்பனையுமே இவர்கள் தேடுகின்றனர் என எண்ணுகிறேன்.

இந்த ஏக்கத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘நொஸ்ரால்ஜியா’ என்ற சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. 1688 இல் ஜொஹான்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் நினைவால் உருகும் நோய்க்கு இட்ட பெயர் அது. பின்னர், அந்நிய மன்னர்களுக்காகக் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களின் நோயாகவே அது அறியப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு இந்நோய் என எழுதிவைத்தனர். களத்தில் நின்ற காலாள் வீட்டை எண்ணி ஏங்கினான். இன்று வீட்டில் இருப்பவர் களத்தை எண்ணி ஏங்குகிறார்.

இந்த ஏக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் போர்ச் செய்திகளைப் பல்லாண்டுகள் எழுதியவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்குவாட் லீடரின் வரைபடத்தில் கற்கட்டடம் எது, மரக்கட்டடம் எது என்பதற்குத் தனித்தனி அடையாளமுண்டு. அவற்றுள் வாழ்ந்தவர்களுக்கு வில்லை இல்லை. 1942 ஓகஸ்ட் 23 இல் ஸ்டாலின்கிராட் மீது ஜேர்மன் விமானங்கள் குண்டுமாரி பொழிந்தபோது, பெருந்தொகையான பொதுமக்கள் அந்நகரிலேயே இருந்தனர். ஆட்டத்தில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் கறுப்பு நிற வில்லைகளாக, மனவுறுதி மிக்கவர்களாகத் தோன்றுவர். அவர்கள் ஊர்களில் செய்தவற்றைச் சொல்ல அங்கே எண் ஏதுமில்லை.

கனடாவில் வாழும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இவ்வாட்டங்களில் மிகுந்த ஈடுபாடுடையவர். 2009 இல் முடிந்த எங்கள் போரை இவ்வாறு ஆடத் தருவார்களாயின் ஆடுவீர்களா எனக் கேட்டேன். “இல்லை” என்றார். “அந்தக் கட்டடங்களுக்குள்ளே யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்” என்பது அவர் சொன்ன காரணம்.

ஸ்டாலின்கிராட்டின் கட்டடங்களுக்குள் இருந்தோரை அறிந்தவர்களும் ஒருகாலத்தில் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை. தூரமும் காலமும் ஒரு போரை ஆடத்தக்கதாக்கி விடுகின்றன. காலாளின் அச்சத்திற்கு இடமளிக்க இவ்வாட்டங்களுக்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அந்த வீடுகளில் இருந்தவர்களை எண்ணிப் பார்க்க நமக்கு அத்துணை காலம் தேவைப்படக் கூடாது.