ரெண்டு குழாய் வீடும் மே மாச வெயிலும்

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு மே மாசம். அம்மா வேலூர்லேர்ந்து டொரொண்டோ வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. திடீர்னு வெளியே 29 டிகிரி. எங்க வீடு பதினாலாவது மாடி, மேற்கு பார்த்த கண்ணாடிச் சுவர். குழந்தைகள் விழுந்துடக் கூடாதேன்னு ஜன்னல் ஒரு சாணுக்கும் குறைவாத்தான் திறக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்குள்ள 33! அம்மாவுக்கு ரத்த அழுத்தம் வேற. தலை சுத்துதுன்னு படுத்துட்டாங்க.

"குளிர் ஊருன்னு சொல்லித்தானேடா ஸ்வெட்டர் வாங்க வச்ச? இதுக்கு வேலூரே தேவலாம். அங்க சீலிங் ஃபேனாவது இருக்கு."

ஜன்னலுக்குக் கீழ இருக்கிற பெட்டியை எப்படித் திருப்பினாலும் வெதுவெதுன்னுதான் காத்து. கீழ ஆபீஸ்ல கேட்டா, "அடுத்த வாரம்தான் மாத்துவோம்"னாங்க. ஒரு சுவிட்சைப் போட ஒரு வாரமான்னு எனக்கு வந்ததே கோபம்... பராமரிப்பு பார்க்கிற பெரியவர் ஒருத்தர் என்னை அடித்தளத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். அது சுவிட்ச் இல்லைங்க. குழாய். அதுவும் ரெண்டே ரெண்டு.

அந்தப் பெட்டிக்கு ஃபேன் காயில்னு பேர். உள்ளே ஒரு சுருள் குழாய், ஒரு சின்ன ஃபேன், ஒழுகற தண்ணியைப் பிடிக்க ஒரு தட்டு. அவ்வளவுதான். ஒரு குழாய்ல தண்ணி வரும், இன்னொன்னுல திரும்பிப் போகும். குளிர்காலத்துல அது பாய்லர் தண்ணி, கோடையில சில்லர்லேர்ந்து வர்ற 7 டிகிரி தண்ணி. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே நேரத்துல ஏதாவது ஒண்ணுதான். நினைச்சா மாத்தவும் முடியாது. சூடா இருக்கிற தண்ணியை அப்படியே சில்லருக்குள்ள விட்டா அது கெட்டுப்போகும். முதல்ல எல்லாம் ஆறணும்.

இந்த ரெண்டு குழாய்க்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது யாருன்னு அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன். அதுதான் இந்தப் பதிவு :-)

சுடுதண்ணியைக் குழாய்ல விட்டு வீட்டைச் சூடாக்கறது பழைய வித்தை. 1831லயே லண்டன்ல ஆஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ் சின்ன விட்டக் குழாய்ல உயரழுத்த சுடுதண்ணி விடறதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். குளிர்விக்கிற கதை 1902ல புரூக்ளின்ல. ஒரு அச்சகத்துல ஈரப்பதத்தால காகிதம் நீளுது, கலர் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காரலை. 25 வயசு வில்லிஸ் கேரியர் சூடாக்கப் பயன்பட்ட மாதிரியான சுருள்லயே குளிர்ந்த தண்ணியை விட்டு, அது மேல காத்தை ஊதினார். ஆக, ஒரே சுருள், உள்ளே போற தண்ணிதான் வேற. நம்ம பெட்டியோட தாத்தா அதுதான்.

அப்புறம் கட்டடங்கள் உயர ஆரம்பிச்சுது. 1928ல சான் அன்டோனியோவுல 21 மாடி மைலம் கட்டடம் முழுக்க ஏசி பண்ணினாங்க. ஆனா காத்தை மட்டும் நம்பினா பெரிய பெரிய டக்ட் வேணும். வாடகைக்கு விட வேண்டிய இடத்தை அது தின்னுடும். அங்கதான் தண்ணி ஜெயிச்சது. ஒரே அளவு வெப்பநிலை மாற்றத்துக்கு, ஒரு கன மீட்டர் தண்ணி அதே அளவு காத்தைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். ஆள் நுழையற அளவு டக்ட் செய்யற வேலையை கை அகலக் குழாய் செஞ்சுடும். 1930களோட கடைசியில கேரியர் கம்பெனி ஜன்னலுக்குக் கீழே வைக்கிற நீர்ச்சுருள் பெட்டிகளைக் கொண்டு வந்தது. ஃபேன் இல்லாம, ஒல்லியான டக்ட்ல வேகமா வர்ற காத்தே அறைக் காத்தை இழுத்துச் சுருள் மேல ஓட விடும்.

நியூயார்க்ல ஐ.நா. செயலகம் கட்டும்போது, கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெயில்தடுப்பு வேணும்னு லெ கொர்பூசியே வாதாடினார். எடுபடலை. 1950ல 39 மாடியும் தடுப்பில்லாத கண்ணாடியோட எழும்பிச்சு. வெயிலைச் சமாளிக்கிற பொறுப்பு ஜன்னலடிப் பெட்டிக்கும் குழாய்க்கும் போச்சு. என் மேற்குச் சுவருக்கும் அதே கதிதான்.

ரெண்டு குழாய்க்கு உண்மையான சோதனை கோடையோ குளிரோ இல்லை, நடுவுல வர்ற மாசங்கள். மேற்குப் பக்கம் வேகும், வடக்குப் பக்கம் நடுங்கும். இதுக்கு மூணு குழாய் போட்டுப் பார்த்தாங்க. சூடு ஒண்ணு, குளிர் ஒண்ணு, திரும்பிப் போக ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சூட்டையும் குளிரையும் ஒண்ணாக் கலந்துட்டு, மறுபடி ஒண்ணைச் சூடாக்கி ஒண்ணைக் குளிர்விக்கணும். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் யாருக்குக் கட்டுப்படியாகும்? பிற்பாடு அமெரிக்காவோட ஆஷ்ரே 90.1 தரநிலை இந்தப் பொதுத் திரும்பு குழாயே கூடாதுன்னுடுச்சு. மிச்சம் நாலு குழாய்தான். சூட்டுக்கு ஜோடி, குளிருக்கு ஜோடி. அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க இஷ்டம்.

அப்ப எல்லாரும் நாலே போடலாமே? பெரியவர் சிரிச்சார். குழாய் மட்டுமா இரட்டிப்பாகும்? பம்பு, வால்வு, இன்சுலேஷன், ஆள் கூலி எல்லாமும்தான். குளிர்ந்த குழாய் மேல சுத்துற இன்சுலேஷன்ல சின்ன இடைவெளி விட்டாலும் வேர்த்து, சொட்டி, பூஞ்சை பிடிச்சிடும். இரும்புக் குழாய் 100 மீட்டர் நீளம், 60 டிகிரி சூடானா 7 சென்டிமீட்டர் நீளும். அதுக்கு வளைவு விடலைன்னா இணைப்பு பிச்சுக்கும். சுவரை மூடின பிறகு ரெண்டை நாலாக்கறதுன்னா வீட்டையே உடைக்கணும்.

அம்மாவை அந்த வாரம் பகல்ல பக்கத்து நூலகத்துல உட்கார வச்சேன். ஆறாவது நாள் குளிர் தண்ணி வந்தது. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு வெளியே 5 டிகிரி! இப்ப வடக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க ஆபீஸ் வாசல்ல சண்டை. அம்மா ஸ்வெட்டரைப் போட்டுகிட்டு, "வாங்கினது வீண் போகலைடா"ன்னாங்க.

மக்களே, இந்த மாதிரி ஊர்கள்ல அடுக்குமாடியில வீடு பார்க்கப் போறீங்களா? எத்தனை பெட்ரூம்னு கேட்கறதுக்கு முன்னாடி எத்தனை குழாய்னு கேட்டுடுங்க.