மலைப்பாதையும் புல்லட்டும்

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை ஏறும் வளைவுகளில் இன்று எத்தனையோ பைக்குகள் போகின்றன. ஆனாலும் நெடும்பயணத்துக்குச் சொகுசான வண்டி எது என்று கேட்டால், நம் நகர்ப் பெரியவர்கள் புல்லட் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் அதற்குச் சும்மா வரவில்லை.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனம். அன்றைய பல வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். பள்ளத்தில் இறங்கினால் சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்தான் ஓட்டுபவரின் முதுகைக் காக்க வேண்டும். 1949ல் வந்த 350 சிசி புல்லட்டில் ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் பின்சக்கரத்தையே மேலும் கீழும் அசைய விட்டன. அதிர்ச்சி பாதியிலேயே அடங்கியது.

1950களில் இந்திய ராணுவம் எல்லைப் பணிக்கு இதைத் தேர்ந்தெடுத்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் உதிரி பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு படிப்படியாக முழு வண்டியும் அங்கேயே தயாரானது. தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் சென்னையில் உற்பத்தி நிற்கவில்லை. 1977ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி தொடங்கியது.

நிமிர்ந்து உட்கார வசதியான கைப்பிடி, இருவருக்கு அகலமான சீட், பின்னால் உட்காருபவரின் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பி, குதிகாலால் அழுத்தினால் நியூட்ரலுக்கு வரும் தனி மிதி என்று வசதிகள் பல. குறைந்த வேகத்திலும் இழுவை இருப்பதால் ஏற்றத்தில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம். சிரமமும் உண்டு. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பக்குவமாக உதைக்காவிட்டால் காலைத் திருப்பி அடிக்கும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதி வெகுநாள் கழித்தே வந்தது.

பழைய புல்லட்டின் ‘டப் டப்’ ஓசை நிதானமானது. இப்போது சிலர் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, வெடிப்பது போல் சத்தமிடும் குழாயை மாட்டுகிறார்கள். நானும் ஆறு மாதம் அப்படி ஓட்டியவன்தான். எதிர்வீட்டுப் பெரியவர் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, என் வண்டி தெருமுனைக்கு வந்தாலே விழித்துக்கொள்வாராம். அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாளே பழைய சைலன்சரை மாட்டிவிட்டேன்.

சைலன்சரை மாற்றுவது சட்டப்படியும் குற்றம். நம் நகரிலும், இரவில் அமைதியாக உறங்கும் மலைக் கிராமங்களிலும் வண்டியின் சொகுசு ஓட்டுபவருக்கு மட்டுமானதாக இருக்க வேண்டாமே.