வட்டணிகளும் விரிவாக்கப் பாட்டையின் பட்டையகலமும்

வட்டணி என்பது பல ஹார்ட் டிஸ்குகளை ஒன்றாகப் பிணைத்து, கணினிக்கு ஒரே பெரிய வட்டாகத் தோன்றும்படி அமைத்த சேமிப்பு ஏற்பாடாகும். ரெய்டு என்னும் பெயரால் வழங்கும் இவ்வேற்பாட்டில் தரவு துண்டு துண்டாகப் பல வட்டுகளிலும் பங்கிடப்படுவதால், அவை யாவும் ஏககாலத்தில் உழைக்கின்றன; ஆகவே ஒரு வட்டு விநாடிக்கு 70 மெகாபைட் தருமாயின், எட்டு வட்டுகள் 560 மெகாபைட் தரும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் அந்த எட்டின் தரவும் நினைவகத்தை அடையுமுன், வட்டுகளை இயக்கும் கட்டுப்படுத்தி அட்டை செருகப்பட்டிருக்கும் விரிவாக்கப் பாட்டையை, அதாவது பஸ்ஸை, கடந்தே ஆகவேண்டும். அப்பாட்டை ஒரு விநாடியில் கடத்தவல்ல தரவின் உச்ச அளவே அதன் பட்டையகலம் எனப்படும். வட்டுகளின் கூட்டு வேகம் அந்த அளவை எட்டிய பின்னர், மேலும் எத்தனை வட்டுகளை வாங்கிச் சேர்த்தாலும் கொள்ளளவு பெருகுமேயன்றி வேகம் பெருகாது.

இந்தத் தடை வட்டணிகளின் பிறப்போடு கூடவே தோன்றியது. விலையுயர்ந்த பெருவட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றைக் கூட்டி உபயோகிக்கலாம் என்று, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988ஆம் ஆண்டில் தங்கள் புகழ்பெற்ற ஆய்வுரையில் வாதித்தனர். அவ்வாதத்தை மெய்ப்பிக்க அப்பல்கலைக்கழகத்தார் அமைத்த முதல் மாதிரி, 128 மெகாபைட் நினைவகம் கொண்ட சன் 4/280 என்னும் கணினியில் 28 ஸ்கஸி வட்டுகளை இணைத்த ஒன்றாகும். தனித்து இயங்கும்போது ஒவ்வொரு வட்டும் விநாடிக்கு 1.3 மெகாபைட் தந்தது. அந்தக் கணக்கின்படி 28 வட்டுகளும் சேர்ந்து 36 மெகாபைட்டுக்கு மேல் தந்திருக்க வேண்டும். பயனரின் நிரலுக்கு வந்து சேர்ந்ததோ விநாடிக்கு 2.3 மெகாபைட்தான், அதாவது இரண்டு வட்டுகளின் வேகம்கூட இல்லை.

ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று அவ்வாராய்ச்சியாளர்கள் துருவிப் பார்த்தபோது, குற்றம் வட்டுகளிடம் இல்லை என்பது தெளிவாயிற்று. அந்தக் கணினியின் விஎம்இ பாட்டை விநாடிக்கு 9 மெகாபைட் அளவிலேயே நிறைந்துவிட்டது. அதற்கும் கீழே வேகம் இறங்கியதற்குக் காரணம், கட்டுப்படுத்தியிலிருந்து இயக்க முறைமையின் இடையகத்துக்கு வந்த தரவைச் செயலி மறுபடியும் பயனரின் இடத்துக்குப் பிரதி எடுத்ததும், அப்பிரதி வேலையால் நினைவகத்தில் ஏற்பட்ட நெருக்கடியுமே ஆகும். ஒவ்வொரு பைட்டும் ஒரே பாதையை எத்தனை முறை மிதிக்கிறது என்னும் கேள்வி, பாதையின் அகலத்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையது என்பதை இந்த அனுபவம் நன்றாக உணர்த்தியது. ஆகையால் இரண்டாவது மாதிரியை அமைத்தபோது, தரவு கணினியின் வழியே செல்லும் முறையையே அவர்கள் கைவிட்டார்கள். குறுக்கிணைப்பு முறையில் இயங்கும் தனிப்பலகை ஒன்றை உருவாக்கி, வட்டுகளையும் நினைவகத்தையும் அதிவேக வலைப்பின்னலையும் அதில் நேராக இணைத்து, கணினிக்கு மேற்பார்வை வேலையை மட்டும் விட்டுவைத்தனர். 1994இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, பெரிய வாசிப்புகளில் வேகம் விநாடிக்கு 20 மெகாபைட் அளவுக்கு உயர்ந்தது. பிற்காலத்துச் சேமிப்புக் கட்டமைப்புகள் பலவற்றிலும் இக்கொள்கையின் சாயலைக் காணலாம்.

இதே தடை சாதாரணக் கணினிகளிலும் தொடர்ந்தது. இன்டெல் நிறுவனம் 1992இல் அறிமுகம் செய்த பிசிஐ பாட்டை, அலுவலகங்களிலும் வீடுகளிலும் பல்லாண்டு ஆட்சி செலுத்தியது. 32 பிட் அகலமும் 33 மெகாஹெர்ட்ஸ் துடிப்பும் உடைய அதன் பட்டையகலம் விநாடிக்கு 133 மெகாபைட் என்று ஏடுகளில் காணப்படும். இது துடிப்பு ஒன்றுக்கு நான்கு பைட் என்று பெருக்கி எடுத்த எண்ணேயன்றி, நடைமுறையில் எவருக்கும் கிட்டும் வேகம் அன்று. முகவரியும் தரவும் ஒரே கம்பிகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. பாட்டையைக் கேட்கும் சாதனங்களுள் எதற்கு முறை என்று தீர்மானிக்கவும் சில துடிப்புகள் செலவாகின்றன. முறை பெற்ற சாதனமும் தனக்கு விதிக்கப்பட்ட கால அளவு முடிந்ததும் பிறர் கேட்டால் விட்டுக்கொடுக்க வேண்டும். இவை யாவும் போக விநாடிக்கு 100 மெகாபைட் அளவில் கிட்டினால் அதை நல்ல பலன் என்றே கொள்ளலாம். 64 பிட், 66 மெகாஹெர்ட்ஸ் வடிவம் 533 மெகாபைட்டையும், அதன் வழிவந்த பிசிஐ-எக்ஸ் 133 மெகாஹெர்ட்ஸில் 1,066 மெகாபைட்டையும் ஏட்டளவில் எட்டின. ஆனால் பகிர்ந்துகொள்ளும் பாட்டையில் மிக மெதுவான சாதனத்தின் துடிப்புக்கே எல்லாரும் இறங்கிவர வேண்டும். 66 மெகாஹெர்ட்ஸ் பாட்டையில் யாரோ ஒருவர் செருகிவிட்ட பழைய 33 மெகாஹெர்ட்ஸ் அட்டை, அதே பாட்டையிலுள்ள விலையுயர்ந்த ரெய்டு அட்டையின் வேகத்தையும் பாதியாக்கிவிடும்.

பகிர்வின் விளைவு கோப்பு வழங்கியில்தான் மிகத் தெளிவாகப் புலப்படும். வட்டிலிருந்து பாட்டை வழியாக நினைவகத்துக்கு ஏறிய தரவு, அதே பாட்டையிலுள்ள கிகாபிட் ஈதர்நெட் அட்டைக்கு மீண்டும் இறங்கிச் செல்ல வேண்டியிருப்பதால், 100 மெகாபைட் கடத்தும் பாட்டை, வாடிக்கைக் கணினிகளுக்கு ஏறத்தாழ 50 மெகாபைட் மட்டுமே வழங்கும். இதை உணர்ந்தே இன்டெல் 2003ஆம் ஆண்டின் 875பி சிப்செட்டில், அதாவது செயலியைப் பிற உறுப்புகளோடு இணைக்கும் சில்லுத் தொகுதியில், கிகாபிட் ஈதர்நெட்டுக்குப் பிசிஐயைத் தொடாத தனிப்பாதை ஒன்றை அமைத்தது. சாட்டா என்னும் வட்டு இணைப்பின் கட்டுப்படுத்தியைச் சிப்செட்டுக்குள்ளேயே அமைத்ததும் இவ்வாறே வட்டுகளைப் பிசிஐயின் நெருக்கடியிலிருந்து விடுவித்தது.

மென்பொருள் வழியாக ரெய்டை நடத்துகையில் எழுதும் வேலை பாட்டைக்கு இன்னும் பாரமாகிறது. பிரதிபிம்ப முறையில் ஒவ்வொரு பைட்டும் இரண்டு வட்டுகளுக்காக இருமுறை பாட்டையைக் கடக்கும். ஐந்தாம் வகை ரெய்டில், கெட்ட வட்டின் தரவை மீட்பதற்கான பாரிட்டி என்னும் கூடுதல் தகவலும் தரவோடு எழுதப்படும். அங்கே சிறியதொரு பகுதியை மாற்றி எழுதுவதற்குப் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் வாசித்து, புதிய தரவையும் புதிய பாரிட்டியையும் எழுத நேர்வதால், நான்கு கடப்புகள் உண்டாகின்றன. பாரிட்டியைத் தன்னுள்ளேயே கணக்கிடும் வன்பொருள் அட்டையில், கணினி கேட்ட தரவு மட்டுமே ஒரு முறை கடக்கும். ஆனால் அவ்வட்டையிலுள்ள சிறு செயலியே தடையாக அமைவதும் உண்டு.

இவற்றையெல்லாம் விடக் கவலைக்குரியது, பழுதடைந்த வட்டை மாற்றியபின் நடக்கும் மறுகட்டமைப்பாகும். 500 கிகாபைட் வட்டுகள் எட்டு, ஐந்தாம் வகை மென்பொருள் ரெய்டில், சாதாரண பிசிஐ பாட்டை ஒன்றிலேயே இணைந்திருப்பதாகக் கொள்வோம். எஞ்சிய ஏழு வட்டுகளையும் முழுவதும் வாசித்துப் புதிய வட்டை முழுவதும் எழுத, 4,000 கிகாபைட் தரவு பாட்டையைக் கடக்க வேண்டும். விநாடிக்கு 100 மெகாபைட் என்றால் இதற்கு 40,000 விநாடி, அதாவது பதினொரு மணி நேரத்துக்கு மேல், பிடிக்கும். வட்டுகள் மட்டுமே எல்லையாக இருந்திருந்தால், 70 மெகாபைட் வேகத்தில் அவ்வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும். ஐந்தாம் வகை அணிக்கு இந்த இடைக்காலம் முழுவதும் பாதுகாப்பு இல்லை. இன்னொரு வட்டு கெட்டால் அனைத்தும் போயிற்று. ஆகவே பாட்டையின் குறுகல் வெறும் வேகக் குறைவு என்று எண்ணுவது தவறு. அது தரவின் ஆயுளையே பாதிக்கும் விஷயம்.

எனினும் எல்லா வேலையிலும் பாட்டை தடையாவதில்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வட்டு, தலை நகரவும் வட்டு சுழலவும் ஆகும் நேரத்தால், சிதறிய இடங்களிலிருந்து விநாடிக்கு எண்பது வாசிப்புகள் அளவிலேயே செய்யும். வாசிப்பு ஒன்றுக்கு 4 கிலோபைட் என்றால் எட்டு வட்டுகளும் சேர்ந்து மூன்று மெகாபைட்டைக்கூட எட்டா. ஆயிரக்கணக்கான சிறு பதிவுகளைத் தேடும் தரவுத்தளத்துக்கு, பழைய பிசிஐயே தாராளம். படக்காட்சித் தொகுப்பு, முழுக் காப்புநகல், மறுகட்டமைப்பு போன்ற தொடர்ச்சியான வேலைகளுக்கே அகலம் அவசியமாகிறது.

2002இல் முதல் விதிநூல் பெற்ற பிசிஐ எக்ஸ்பிரஸ், பகிர்வையே ஒழித்து, ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒன்றோ பலவோ தடங்களால் ஆன தனி இணைப்பை வழங்கியது. முதல் தலைமுறையில் ஒரு தடத்துக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்கு 250 மெகாபைட், இரண்டாவதில் 500, மூன்றாவதில் ஏறத்தாழ 985, நான்காவதும் ஐந்தாவதும் முறையே இரட்டித்தன. இதனால் சுழலும் வட்டுகளின் அணிக்குப் பாட்டை பெரும்பாலும் பொருட்டில்லாமற் போயிற்று. ஆனால் திண்மநிலை வட்டுகள் வந்ததும் பழைய கதை வேறிடத்தில் மீண்டும் தொடங்கியது. 2015இல் வந்த இன்டெல் மேசைக்கணினிச் சிப்செட்டுகளைச் செயலியோடு இணைக்கும் டிஎம்ஐ 3.0 பாதையின் அகலம் விநாடிக்கு 3.9 கிகாபைட் மட்டுமே. தனியே 3.5 கிகாபைட் வாசிக்கும் என்விஎம்இ வகைத் திண்மநிலை வட்டுகள் இரண்டைச் சிப்செட்டின் செருகுவாய்களில் இட்டு ரெய்டாக்கினால், கிட்டும் வேகம் ஏழன்று, நான்குக்கும் கீழே. அதையும் யுஎஸ்பியும் ஈதர்நெட்டும் பங்கிட்டுக்கொள்ளும்.

தடை எங்கே என்று கண்டறியும் வழி எளிது. முதலில் ஒவ்வொரு வட்டையும் தனித்து வாசித்து, பின்னர் அனைத்தையும் ஏககாலத்தில் வாசித்துப் பார்க்கலாம். கூட்டுத்தொகை ஏறாமல் நின்றுவிட்டால் பாட்டையையே சந்தேகிக்க வேண்டும். சுழலும் வட்டின் வெளிவிளிம்பு வேகமாகவும் உட்பகுதி மெதுவாகவும் வாசிக்கப்படுவதால், தனி வட்டின் வேகக்கோடு தொடக்கத்திலிருந்து முடிவுவரை சரிந்துகொண்டே வரும். பாட்டையால் தடைபட்ட அணியின் கோடோ நெடுந்தூரம் மட்டமாகச் சென்று, வட்டுகளின் வேகம் பாட்டைக்குக் கீழே இறங்கும் இடத்தில்தான் சரியத் தொடங்கும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையின் விரிவான வெளியீடு, அட்டைக்கு எத்தனை தடங்கள் சாத்தியம், இப்பொழுது எத்தனை கிட்டியிருக்கின்றன என்று இரண்டையும் காட்டும். பதினாறு தட நீளமுள்ள செருகுவாய்க்குள் நான்கு தடங்களுக்கே கம்பி இருப்பது மதர்போர்டுகளில் அபூர்வம் அன்று. வட்டணி அமைப்போர் தரவை ஏற்றுவதற்கு முன்பே இச்சோதனைகளைச் செய்வதோடு, வட்டு ஒன்றை வேண்டுமென்றே கழற்றி மாட்டி, மறுகட்டமைப்புக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் குறித்துவைத்துக்கொள்வார்களாக.