விமானியின் தொடை மேல் ஏறிய கணினி

புலாவ் செபாங்கிலிருந்து தெற்கே, பத்து பெரண்டாமில் விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பயிற்சிக்கான சிறு விமானங்களில் வரைபடத்தை விரிக்கக்கூடத் தாராளமாக இடமிருக்காது.

1930களில் அமெரிக்க அஞ்சல் விமானி எல்ரி ஜெப்பசன், ஓடுபாதை நீளம், மலை உயரம் எல்லாவற்றையும் 10 சென்ட் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார். சக விமானிகள் வழி தெரியாமல் மாண்ட காலம் அது. 1934 முதல் 10 டாலருக்கு விற்றார். அந்தத் தாள்கள் பெருகிப் பெருகி 16 கிலோ பையாயின. 2010-இல் ஐபேட் வந்தது. 2011 டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதைப் பயன்படுத்த அனுமதி பெற்றது.

சரி, சிறு விமானத்தில் எங்கே பொருத்துவது? சிக்கலே அங்கேதான். தொடையில் பட்டை கட்டினால் குனிய வேண்டும். திருப்புபிடியில் மாட்டினால், முழுதாகத் திருப்பும்போது முழங்காலில் இடிக்கும். கண்ணாடியில் ஒட்டினாலோ வெயில்! ஐபேட் தாங்குவது 35 பாகை வரைதான். சூடேறினால் திரை அணைந்துவிடும். நம்மூர் வெயிலில் கேட்கவா வேண்டும்? அதனால் காற்றுத் துவாரத்துக்கு எதிரே பொருத்துகிறார்கள். தாள் வரைபடத்தையும் இருக்கையோரம் செருகி வைக்கிறார்கள்.