உருகிய பனியின் சாட்சியம்

ஆழ்கடலின் அடியில் துளையிட்டு எடுத்த மண் கப்பலின் மேற்றளத்துக்கு வருவதற்குள் அதிலிருந்த வாயு ஐதரேற்று பெரும்பாலும் மறைந்துவிடும். அழுத்தமும் குளிரும் சேர்ந்து மெதேன் வாயுவை நீர்மூலக்கூறுகளின் கூட்டுக்குள் அடைத்துவைத்த பனி அது. அழுத்தம் தளர்ந்ததும் உருகுகிறது, வாயு பறந்துவிடுகிறது. எஞ்சுவது சேற்றில் ஊறிய நீர்தான். அறிவியலாளர் அந்த நீரையே விசாரித்தனர்.

1979இல் குவாத்தமாலாக் கரைக்கு அப்பால் 'குளோமர் சலஞ்சர்' கப்பல் எடுத்த மண்ணைப் பிழிந்தபோது கிடைத்த நீரில் கடல்நீரிலும் பார்க்க உப்புக் குறைவாக இருந்தது. நிலத்து நன்னீர் கலந்ததோ என்று ஐயுறலாம். ரைன்ஹார்ட் ஹெஸ்ஸே, வில்லியம் ஹாரிசன் ஆகியோர் 1981இல் வேறு விளக்கம் தந்தனர். ஐதரேற்று உறையும்போது உப்பை வெளியே தள்ளுகிறது; பாரமான ஒட்சிசன்-18ஐச் சற்றுக் கூடுதலாக ஏற்கிறது. மழைவழி வந்த நீரிலோ ஒட்சிசன்-18 குறைவு. பிழிந்த நீரில் அது மிகுந்திருந்தது; மழைநீர் என்ற வாதம் அடிபட்டுப் போயிற்று.

பனி இருந்தது உறுதி. வாயு எங்கிருந்து வந்தது?

1995இல் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், பிளேக் முகட்டில் 'ஜொய்டெஸ் ரெசலூஷன்' துளையிட்டது. அங்குள்ள மெதேன் நுண்ணுயிர்கள் ஆக்கியது என்பதைக் கரிமச் சமதானிகள் காட்டின. அதன் வயதை அவை காட்டவில்லை. கடற்பாசி போன்ற உயிர்ப்பொருள்கள் அயடீனைச் சேர்த்துவைப்பவை. அவை சிதையும்போது மெதேனும் அயடீனும் ஒன்றாகவே வெளியேறுகின்றன. அயடீன்-129இன் அரைவாழ்வு 1 கோடியே 57 இலட்சம் ஆண்டுகள். இக்கடிகாரத்தைக் கொண்டு ஊடோ பேனும் இரு சகாக்களும் 2000இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது: மண்ணின் வயது 18 இலட்சம் முதல் 60 இலட்சம் ஆண்டுகள், அதில் ஊறிய நீரின் அயடீனுக்கோ ஏறத்தாழ 5 கோடியே 50 இலட்சம் ஆண்டுகள்!

அப்படியானால் வாயு அங்கு பிறந்ததன்று, மிகப் பழைய படிவுகளிலிருந்து வந்து குடியேறியது. நீதிமன்றச் செய்தி எழுதிப் பழகியோர் இதைச் சந்தர்ப்ப சாட்சியம் என்பர். வயது அயடீனுடையது, மெதேன் அதன் கூட்டாளி என்பது ஊகமே. வலுவான ஊகம் என்பதே என் எண்ணம். எரிபொருளாக எவ்வளவு தேறும் என்று கணக்கிடுவோரும், கடல் வெப்பமுற்றால் மெதேன் கசியுமோ என்று அஞ்சுவோரும் பனிப்படையை மட்டும் பார்த்தால் போதாது, வாயு ஏறிவந்த பாதையையும் தேடவேண்டும்.

யப்பானின் நங்காய்ப் பகுதியிலும் அயடீன் தன்னைச் சூழ்ந்த படிவிலும் முதியதாகவே காணப்பட்டது. அங்கேதான் 2013இல் கடலடி ஐதரேற்றிலிருந்து வாயு எடுக்கும் முதற் பரிசோதனை நடந்தது. ஆறே நாட்களில் குழாயில் மணல் புகுந்து அது நின்றுபோயிற்று.