சொந்த ஊரில் ஆடாத அணி

பழவங்காடி கணபதிக்கு விடலைத் தேங்காய் போட்டுவிட்டுத்தான் திருவனந்தபுரத்தில் எதையும் தொடங்குவார்கள். பரீட்சையானாலும் புதுக்கடையானாலும் அதுதான் வழக்கம். கேரளத்துக்கென்று உருவான முதல் தொழில்முறை ஃபுட்சால் (ஐவர் கால்பந்து) அணி அந்தப் பக்கம் வரவே இல்லை. அங்கு மட்டுமல்ல, கொச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு கொச்சியிலும் ஒரு லீக் ஆட்டம் ஆடவில்லை.

2016 ஜூலையில் பிரீமியர் ஃபுட்சால் லீக் தொடங்கியது. ஆறு அணிகள், இரண்டே ஊர்கள்: சென்னை, கோவா. முன்னாள் கால்பந்து நட்சத்திரம் லூயிஸ் ஃபிகோ அதன் தலைவர். லீக் பாட்டுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் இசை, விராட் கோலி குரல். ஆளுக்கொரு உலக நட்சத்திரம் என்று பங்கு போட்டதில், கொச்சி ஃபைவ்ஸுக்கு ரியல் மாட்ரிட்டின் பழைய வலதுபுறத் தடுப்பாட்டக்காரர் மிஷேல் சல்காடோ கிடைத்தார். கோவாவுக்கு வந்த ரொனால்டினோ ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டு, பாதியிலேயே கிளம்பிவிட்டார். பத்திரிகைகள் அதைத்தான் எழுதின. சத்தமில்லாமல் ஆடிய கொச்சியோ இறுதி ஆட்டம் வரை போனது. ஜூலை 24 அன்று கோவாவில், பெனால்டியில் மும்பையிடம் தோற்றது.

ஃபுட்சால் 1930இல் உருகுவேயின் மான்டிவிடியோவில் பிறந்தது. ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் செரியானி, கால்பந்தைக் கூடைப்பந்துக் களத்துக்குள் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஐந்து பேர். அதிகம் எழும்பாத, சற்றே சிறிய பந்து. இடுக்கில் பந்தைக் காலடியிலேயே வைத்திருக்கத் தெரிந்தவன்தான் இதில் பிழைப்பான். மலபாரின் செவன்ஸ் (எழுவர் கால்பந்து) பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ருசியைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

கேரளத்தில் ஆட இடமும் இருந்தது. பழவங்காடியிலிருந்து எம்.ஜி. ரோட்டில் வடக்கே போய், பாளையம் தாண்டினால் வெள்ளையம்பலத்தில் ஜிம்மி ஜார்ஜ் உள்ளரங்கம். கூட்டமும் இருந்தது: அதே 2016 ஜனவரி 3 அன்று திருவனந்தபுரத்தின் காரியவட்டத்தில், கூட்டத்தின் முன்தான் இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்று தெற்காசிய சாஃப் கோப்பையை எடுத்தது. அந்த ஆண்டு கொச்சி அணியின் ஒரு வார ஆட்டங்களையாவது கேரளத்தில் வைத்திருக்க வேண்டும். பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, பையன்களுக்குக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பைக்கூடக் கொடுக்காதது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு லீக்கை அங்கீகரிக்கவில்லை. 2017இல் அணி 'கேரளா கோப்ராஸ்' என்று பெயர் மாறியது. ஆட்டங்கள் அப்போதும் வெளியூர்களில்தான். மூன்றாவது பருவம் வரவே இல்லை. அணியும் அத்தோடு முடிந்தது.

கூட்டமைப்பு தன் சொந்த ஃபுட்சால் கிளப் போட்டியை 2021இல்தான் டெல்லியில் நடத்தியது. இந்திய ஃபுட்சால் அணி முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது 2023இல். இடைப்பட்ட காலத்தில் கேரளத்துப் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு டர்ஃபை வாடகைக்கு எடுத்து, இரவு விளக்கில் ஐந்து பேராக ஆடிக்கொண்டிருந்தார்கள்.